293318625600: ராமானுஜன் பட்டியலில் இந்த எண் ஏன் இல்லை?

பேரேடு எழுதியது:

வணக்கம். வங்கியில் 34 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். படித்தது பி.காம். கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் நேரடியாகவே சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்ட உயர்பகு எண்கள் பற்றிய கட்டுரையை என் மகன் அச்செடுத்துக் கொடுத்தான். அறுபது பக்கத்துக்கு மேல். முக்கால்வாசி எனக்கு எட்டாத விஷயம். ஆனால் அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பட்டியல்களோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காக: தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் ஒரு எண்ணுக்கு இருந்தால் அது உயர்பகு எண். 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 11 வரை எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. அதனால் 12 உள்ளே. 18-க்கும் ஆறுதான், ஆனால் 12 முந்திக்கொண்டதால் 18 வெளியே. அடுத்து 24, அதற்கு எட்டு. இப்படியே ராமானுஜன் 102 எண்களைப் பட்டியலிட்டிருக்கிறார். கடைசி எண் 6746328388800. அதற்கு 10080 காரணிகள்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களாக உடைத்து, ஒவ்வொன்றின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும். 12 என்பது 2²×3. (2+1)×(1+1) = 6.

காலையில் காபி ஆறும் வரை பட்டியலில் ஒரு எண்ணை எடுத்து, கையாலேயே வகுத்துப் பார்ப்பது இப்போது என் வழக்கம். கால்குலேட்டர் வைத்துக்கொள்வதில்லை, அது பிடிவாதம். போன வாரம் ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். பட்டியலில் உள்ள 321253732800-ஐ 23-ஆல் வகுத்தால் 13967553600 வருகிறது. அதுவும் பட்டியலில் இருக்கிறது. 160626866400-ஐ 23-ஆல் வகுத்தால் 6983776800, அதுவும் இருக்கிறது. சரி, கடைசி எண்ணையும் வகுப்போம் என்று உட்கார்ந்தேன்.

6746328388800 ÷ 23 = 293318625600.

நம்ம கணக்கில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இது மட்டும் பட்டியலில் இல்லை.

இதை உடைத்தேன்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 7×5×3×3×2×2×2×2 = 5040. பட்டியலில் இதற்கு முன் வரும் 240940299600-க்கு 4800 காரணிகள். பின்னால் வரும் 321253732800-க்கு 5376. நடுவில் 5040 என்று ஒன்று கம்பீரமாக உட்கார இடம் இருக்கிறதே?

இன்னும் உறுத்துவது என்ன தெரியுமா? இந்த எண்ணில் பாதி (146659312800) பட்டியலில் இருக்கிறது. மூன்றில் ஒன்று (97772875200) இருக்கிறது. கால் (73329656400), ஆறில் ஒன்று (48886437600), எல்லாம் இருக்கின்றன. 23 மடங்கு, அது கடைசி வரியிலேயே இருக்கிறது. குடும்ப அட்டையில் எல்லார் பெயரும் ஏறி, குடும்பத் தலைவர் பெயர் மட்டும் விட்டுப்போன மாதிரி.

நான்தான் எங்கோ தப்பாகக் கூட்டியிருக்க வேண்டும். ராமானுஜன் தப்பு, நான் சரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கே சறுக்கினேன் என்று யாராவது காட்டுங்கள்.

அரைவட்டம் எழுதியது:

ஐயா, முதல் அடியிலேயே சறுக்கல். 293318652600 ஏழால் வகுபடவே இல்லை, மீதி 1 வருகிறது. நீங்கள் 7² என்று போட்டிருக்கிறீர்கள். ஏழே இல்லாதபோது ஏழின் வர்க்கம் எங்கிருந்து வரும்?

பேரேடு எழுதியது:

தம்பி, நீங்கள் வகுத்த எண்ணையும் நான் எழுதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழியுங்கள். வித்தியாசம் 27000. ஒன்பதால் வகுபடுகிறது பாருங்கள். வங்கியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார். நான் எழுதியது ...625600. நீங்கள் வகுத்தது ...652600. 25 என்பது 52 ஆகிவிட்டது.

அரையாண்டுக் கணக்கு முடிக்கும் ராத்திரிகளில் இந்த ஒன்பது எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறது தெரியுமா. ஒரு தடவை 63 ரூபாய் இடித்தது. மூன்று பேர் பதினொரு மணி வரை தேடினோம். கடைசியில் 81 என்பதை 18 என்று எழுதியிருந்தது நான்தான். அன்றைக்குத் திட்டு வாங்கினாலும், இன்று வரை அந்தப் பாடம் மறக்கவில்லை.

அரைவட்டம் எழுதியது:

அடடா. கைப்பேசியில் தட்டியதில் வந்த வினை. மன்னிக்கணும் ஐயா. இப்போது ஏழாலும் வகுபடுகிறது, நாற்பத்தொன்பதாலும் வகுபடுகிறது. நான் வாபஸ்.

கரும்பலகை எழுதியது:

பேரேடு சார், நீங்கள் எங்கேயும் சறுக்கவில்லை. உங்கள் கணக்கு முழுக்கச் சரி. 293318625600 அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போன எண். இது கணித வட்டாரத்தில் தெரிந்த செய்திதான். ஆனாலும் நீங்கள் கால்குலேட்டர்கூட இல்லாமல் காபி டம்ளரை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பள்ளியில் 29 வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன், இப்படி ஒரு மாணவர் அமையவில்லை.

முதலில் ஒரு விளையாட்டு, அரைவட்டத்துக்காகவும். நம்ம கோடி, லட்சக் காற்புள்ளியை மறந்துவிட்டு வெள்ளைக்காரர்கள் மாதிரி மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 293, 318, 625, 600. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுங்கள். 293+625 = 918. 318+600 = 918. இரண்டும் சமம். அப்படி வந்தால் எண் 1001-ஆல் வகுபடும். 1001 என்பது 7×11×13. ஆக மூன்று பகா எண்களை ஒரே மூச்சில் சரிபார்த்தாயிற்று. 25-ஐ 52 ஆக்கினால் சமன் கெட்டு 27 இடிக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறதா என்பது ஒன்று. விடுபட்டது இதே எண்தானா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு உங்கள் பதிவிலேயே பதில் இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்காமல் கடந்துவிட்டீர்கள். பட்டியல் முழுமையானது என்றே வைத்துக்கொள்வோம். 240940299600-க்கு அடுத்த உயர்பகு எண் 321253732800 என்றால், அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 4800-க்கு மேல் காரணிகள் இருக்கக் கூடாது. நீங்களோ அதற்குக் கீழே ஒரு எண்ணை நிறுத்தி, இதோ 5040 என்கிறீர்கள். முடிந்தது கதை. கணினி வேண்டாம், தேடல் வேண்டாம். பட்டியலில் ஓட்டை இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு பெருக்கலே போதுமான சாட்சி.

இரண்டாவது கேள்விக்குத்தான் உழைப்பு தேவை. 4800-ஐத் தாண்டும் வேறொரு எண் இதைவிடச் சிறியதாக ஒளிந்திருக்கக் கூடாதே. அதற்காக 29 ஆயிரம் கோடி எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. உயர்பகு எண்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பகா எண்கள் 2, 3, 5, 7 என்று இடைவெளி இல்லாமல் வரவேண்டும், அடுக்குகள் ஏறவே கூடாது. காரணம் எளிது. 18 = 2×3², இதில் 3-க்கு அடுக்கு அதிகம். இடம் மாற்றி 2²×3 என்று எழுதினால் காரணி எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் 12-ஆகக் குறையும். பெரிய அடுக்கை எப்போதும் சின்னப் பகா எண்ணிடம் கொடுப்பதுதான் சிக்கனம். உங்கள் எண்ணின் அடுக்குகளைப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்பதையும் ராமானுஜன் அதே கட்டுரையில் நிறுவியிருக்கிறார். விதிவிலக்கு இரண்டே எண்கள், 4, 36.

இந்த எண் எப்படி நழுவியது? இது என் ஊகம் மட்டுமே. அந்த இடத்தில் 19-க்கும் 23-க்கும் ஒரு சண்டை நடக்கிறது. உங்கள் பாதி எண் 146659312800-இன் கடைசிப் பகா எண் 19. அடுத்து வரும் 160626866400-இல் 23 நுழைகிறது. 240940299600-இலும் 23. சரி, இனி 23-இன் ஆட்சிதான் என்று நினைக்கும் நேரத்தில் உங்கள் எண் 23-ஐத் தூக்கி எறிந்துவிட்டு 19-க்குத் திரும்புகிறது. உடனே 321253732800-இல் மறுபடி 23.

மாற்றங்களைப் பாருங்கள், பண்டமாற்று மாதிரியே இருக்கும். 240940299600-இல் 23-ஐக் கொடுத்துவிட்டு இரண்டு 2-உம் ஒரு 7-உம் வாங்கினால், அதாவது 23-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்கினால், உங்கள் எண். அதிலிருந்து ஒரு 3-உம் ஒரு 7-உம் கொடுத்துவிட்டு 23-ஐத் திரும்ப வாங்கினால், அதாவது 21-ஆல் வகுத்து 23-ஆல் பெருக்கினால், 321253732800. நுழையும்போது 28/23, வெளியேறும்போது 23/21. வெறும் காகிதத்தில் கையால் செய்கிறவருக்கு இந்தச் சந்து கண்ணில் படாமல் போவது ஆச்சரியமே இல்லை. 102 எண்களைக் கையால் அடுக்கியதுதான் ஆச்சரியம்.

1914 ஏப்ரலில் இங்கிலாந்தில் போய் இறங்கியவர், மறு வருடமே இதை அச்சில் பார்த்துவிட்டார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வு வழியாக பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்தக் கட்டுரையின் அடிப்படையில்தான். கணிதக் கழகத்துக்கு அப்போது பணமுடை, அதனால் எழுதியதில் ஒரு பகுதி அச்சாகாமலே நின்றுவிட்டது. அது வெளிச்சத்துக்கு வந்தது 1988-ல். பிறகு 1997-ல் ழான்-லூயி நிக்கோலா, கி ரோபென் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதர்கள் குறிப்புகளோடு அதைப் பதிப்பித்தார்கள்.

இன்னொன்று, விட்டுவிட மனமில்லை. உங்கள் எண்ணின் காரணிகள் 5040. அந்த 5040-உம் ஒரு உயர்பகு எண்தான்! ஒரு நல்ல நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும், 1 முதல் 10 வரை எத்தனை பங்கு போட்டாலும் சரியாக வரும் என்று பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

பூஜ்யம்_ஒன்று எழுதியது:

கரும்பலகை சார் சொன்ன இறங்கும் படிக்கட்டு விதியை வைத்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். 2, 3, 5 என்று வரிசையாக எடுத்து, அடுக்கு ஏறாத எண்களை மட்டும் உருவாக்கி, வரிசைப்படுத்தி, காரணி எண்ணிக்கையில் புதிய சாதனை வரும்போதெல்லாம் அச்சிடச் சொன்னேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. 240940299600-க்கும் 321253732800-க்கும் நடுவில் ஒரே ஒரு எண்தான் வந்தது, பேரேடு ஐயாவின் எண். இரண்டாவது கேள்வியும் தீர்ந்தது.

ஆனால் முதல் தடவை மானம் போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். சி மொழியில், 32 பிட் முழு எண்ணாக அறிவித்துவிட்டேன். 293318625600 அதில் அடங்காது. 2³²-ஆல் வகுத்த மீதியாக 1260849472 என்று வந்து நின்றது. அதை உடைத்துப் பார்த்தால் 2-இன் ஆறு அடுக்கு மட்டும் பத்திரமாக இருக்கிறது, 3-ஆல்கூட வகுபடவில்லை. பாத்திரம் சின்னது என்றால் இப்படித்தான் வழிந்துவிடும். 64 பிட் ஆக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது.

நம்பிக்கை வராதவர்கள் முரட்டு வழியிலும் பார்க்கலாம். வர்க்கமூலம் 541588-ஐ ஒட்டி வருகிறது. 1 முதல் 541588 வரை ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் 2520 தடவை மீதியில்லாமல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி, ஆக 5040. கணினிக்கு இது கண் சிமிட்டும் நேரம். ஐயா மட்டும் தயவுசெய்து காபியோடு இதில் இறங்க வேண்டாம்.

அரைவட்டம் எழுதியது:

1-இலிருந்து வரிசையாக வகுத்துக்கொண்டு வந்தேன், இந்தத் தடவை எண்ணைச் சரியாகத் தட்டி. 22 வரை ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. 23-இல்தான் முதல் இடறல். 24 முதல் 28 வரை மறுபடி சுத்தம்.

பேரேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கரும்பலகை ஐயா சொன்ன முதல் விஷயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. ஆதாரம் என் கையிலேயே இருந்திருக்கிறது, நான் அதைப் பிழை என்று நினைத்து வெளியே தேடிக்கொண்டிருந்தேன். 918-உம் 918-உம் சமமாக நின்றதைப் பார்த்தபோது இருப்புநிலைக் குறிப்பு ஒரே தடவையில் டேலி ஆன சந்தோஷம்.

ராமானுஜனும் எங்கள் ஜாதிதான் என்று எனக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. தொழிலைச் சொல்கிறேன். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தவர். கணக்கு எழுதும் யாருக்கும் ஒரு வரி விட்டுப்போவது நடப்பதுதான். என் மேலாளர் இருந்திருந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பியிருப்பார், அது வேறு.

பூஜ்யம்_ஒன்று தம்பி, ஒரு உதவி. கடைசி எண்ணுக்கு அடுத்த உயர்பகு எண் 8995104518400 என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு 3-ஐ எடுத்துவிட்டு இரண்டு 2 சேர்த்தேன், காரணிகள் 10368 வருகிறது. சரியா? நிரலில் பார்த்துச் சொல்லுங்கள். 29 அதற்கு முன்னால் நுழைந்துவிடுமோ என்று சந்தேகம்.

பூஜ்யம்_ஒன்று எழுதியது:

சரிதான் ஐயா. 8995104518400, காரணிகள் 10368. 29 அதற்கு அடுத்த எண்ணில்தான் வருகிறது: 9316358251200, காரணிகள் 10752. அது 321253732800-இன் 29 மடங்கு.

பேரேடு எழுதியது:

நல்லது. அச்செடுத்த தாளில் 240940299600-க்கும் 321253732800-க்கும் நடுவில் பென்சிலால் நம்ம எண்ணை எழுதிவைத்தேன். வங்கியில் இப்படி இடையில் ஒரு வரி நுழைத்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். பேனாவை எடுத்தேன், அவர் பட்டியலில் என் கையெழுத்தா என்று கூச்சமாகிவிட்டது. மூடி வைத்துவிட்டேன்.